எந்திரிக்கிற பாட்டு

இந்த வருடத் திருவிழா நாடகத்தில், காற்று வீசியதும், திரைக்கயிறு பிடித்து நின்ற என்னைப் பார்த்து "பாயை இறக்குலே!" என்று கீழேயிருந்து கத்தினீர்களே, என் வயதுக்காரர்களே, உங்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஏதும் இல்லை. உங்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

ஆனால் பந்தல் பிரிக்கும்போது பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அத்தனை பேரு சொன்னாங்களே, நீங்க ஏன் இறக்கல?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல, என் அக்கா மேடையில் செத்துக் கிடந்த வருடத்துக்குப் போக வேண்டும். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் ஐஸ் வண்டி மணி கேட்டு ஓடிவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். பிள்ளைகளே, இது உங்களுக்கு. நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் என் வயதுக்காரர்கள் உங்களுக்குத் திருத்திச் சொல்வார்கள்.

நம் ஊர் நாடகம் அன்றும் பகலில்தான். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் நாடகம் என்றால் விடிய விடிய நடக்கும். நம் ஆட்கள் பொழுது சாய்ந்தால் கடலுக்குப் போகிறவர்கள். ராத்திரி நாடகம் போட்டால் பார்ப்பதற்குப் பங்குச் சாமியாரும் நாய்களும்தான் மிஞ்சுவார்கள். அதனால் ஆடித் திருவிழாக் கொடி இறக்கிய மறுநாள், மதியச் சோறு உண்ட கை காய்வதற்குள் பெட்டிக்காரர் ஆர்மோனியத்தில் காற்றை விடுவார். வள்ளங்கள் கிளம்பும் நேரத்துக்கு முன் நாடகம் முடிந்துவிட வேண்டும்.

திரைக்கென்று தனியாகத் துணி வாங்கியது கிடையாது. பெரியப்பாவின் வள்ளத்துப் பாய்தான் திரை. மரப்பட்டை ஊறவைத்த சாயத்தில் முக்கி முக்கிக் காவியும் கறுப்புமாக இருக்கும். கிட்டே போனால் மீன் வாடையும் உப்பும் சேர்ந்து மூக்கில் ஏறும். மேடைக்கு முன்னால் இரண்டு கம்பம் நட்டு, மேலே கப்பி கட்டி, பாய் ஏற்றும் அதே கயிற்றால் அதை ஏற்றுவார்கள், இறக்குவார்கள். கயிறு பெரியப்பா கையில். அவர் எங்கள் அய்யாவுக்கு அண்ணன். காற்றின் போக்கை முதுகாலேயே அறிவார் என்று ஊரில் அவருக்குப் பேர்.

நாடகத்துக்கு ஊரில் 'ராணி நாடகம்' என்றுதான் பெயர். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. ராஜா போருக்குப் போயிருக்கும்போது, எதிரிகள் இளவரசனுக்குப் பாலில் விஷம் வைத்துவிடுவார்கள். இளவரசன் ராணி மடியில் செத்துப் போவான். ராணி மாதாவை வேண்டிப் பாடுவாள். பாட்டு பாதியில் இருக்கும்போதே இளவரசன் கண் திறந்து மறுபாட்டுப் பாடிக்கொண்டு எழுவான். அதுதான் எந்திரிக்கிற பாட்டு. ராணி பாடுவது இப்படி:

*கண்ணே எழுந்திரு, கரை வெளுத்தாச்சு,*
*காத்தும் அடங்கிக் கடல் பணிஞ்சாச்சு…*

இளவரசன் பதில் சொல்வான்:

*வந்தேனம்மா, வழி தெரிஞ்சு வந்தேனம்மா,*
*உன் குரலைப் பிடிச்சுக் கரை சேர்ந்தேனம்மா.*

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மேடையில் செத்தவர் எழும்பாமல் பாய் இறங்கக் கூடாது. இளவரசனுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். எதிரிச் சேனாதிபதி வெட்டுப்பட்டு விழுந்தாலும், கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போவார். கூட்டம் சிரிக்காது. கடலுக்குப் போகிறவர்கள் ஊரில், செத்தவரைச் செத்தபடியே விட்டுத் திரை மூடினால் அது எங்கேயாவது போய்ப் பலித்துவிடும் என்று நம்பினார்கள்.

ராணி வேடம் எங்கள் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. பெண்கள் மேடை ஏறும் வழக்கம் அப்போது இல்லை. மாமா மீசையை எடுத்துவிட்டால் திருவிழா வந்துவிட்டது என்று அர்த்தம். இளவரசனுக்கு எப்போதும் ஒரு பையன்தான். அந்த வருடம் பார்த்து அந்தப் பையனுக்குக் குரல் உடைந்துவிட்டது. ஒத்திகையில் 'வந்தேனம்மா' என்று அவன் எடுத்தால் வாத்து வந்த மாதிரி இருந்தது.

மாமாதான் அக்காவைச் சொன்னார். அக்காவுக்கு அப்போது முன்பல் விழுந்து முளைத்திருந்த வயது. அய்யா வள்ளம் வரும்போது கரையிலிருந்து அவள் கூப்பிடும் கூப்பாடு காற்றை எதிர்த்துக்கொண்டு போய்ச் சேரும். "சின்னப் புள்ளைதானே, அதுல ஆண் என்ன பெண் என்ன, தலையில கிரீடத்தை வச்சா எல்லாம் இளவரசந்தான்" என்றார் மாமா. பிஸ்கட் தகரத்தில் வெட்டிச் சிப்பி ஒட்டிய கிரீடம் அது. அம்மா முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு, நாடகம் நடக்கும் வாரம் முழுக்க அய்யா கடலுக்குப் போகக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டு சம்மதித்தாள்.

நாடகத்தன்று மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று காலையிலிருந்தே முறுக்கிக்கொண்டிருந்தது. நான் ராஜாவின் சிப்பாய். தென்னை மட்டையில் செய்த வாளோடு மேடையின் ஓரத்தில் நின்றேன். அதனால் நடந்ததை நேரே பார்த்தேன்.

அக்கா பாலைக் குடித்தாள். தடுமாறினாள். மாமாவின் மடியில் சாய்ந்து, கண்ணை மூடி, கையைத் தொங்கவிட்டாள். கூட்டத்தில் யாரோ விசும்பும் சத்தம் கேட்டது. பெட்டிக்காரர் சுருதி கொடுக்க, மாமா வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் மேற்கேயிருந்து ஒரு காற்று வந்தது. பந்தல் கீற்று நாலாபக்கமும் பறந்தது. மேலே சுருட்டி நின்ற பாய் விரிந்து, வயிறு ஊதிப் படபடவென்று அடித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே குரலாகக் கத்தினார்கள்:

"பாயை இறக்குலே!"

பாய் அப்படி அடித்தால் கடலில் செய்ய வேண்டியது அது ஒன்றுதான். இறக்காவிட்டால் வள்ளம் கவிழும். பெரியப்பாவின் கை யோசிக்கவில்லை. கயிற்றை விட்டது. பாய் மொத்தமாக இறங்கி மேடையையும் மூடி, மாமாவையும் மூடி, செத்துக் கிடந்த இளவரசனையும் மூடியது.

அதற்குள் கரையிலிருந்து ஒருவன், "வள்ளம் நங்கூரம் பேர்த்துக்கிட்டுப் போகுது!" என்று கூப்பாடு போட்டான். எல்லோரும் கடலுக்கு ஓடினார்கள். ராணியும் பாய்க்கு அடியிலிருந்து பிதுங்கி வெளியே வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார். சேனாதிபதி ஓடினார். நானும் வாளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

காற்று நின்று, வள்ளங்களை எல்லாம் இழுத்துப் போட்ட பிறகுதான் அம்மா கேட்டாள்: "புள்ள எங்க?"

அய்யா மேடைக்கு ஓடிப் பாயைத் தூக்கினார். அக்கா விழுந்த இடத்திலேயே கிடந்தாள். இமையிலும் உதட்டிலும் மணல். கிரீடம் அவள் காதோரம் நசுங்கிக் கிடந்தது. தொங்கவிட்ட கையைக்கூட அவள் மாற்றி வைக்கவில்லை.

"ஏத்தா! உசுரு இருக்கா? எந்திரி!" அய்யா அவள் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அக்கா கண்ணைத் திறக்காமல், உதடு மட்டும் அசைய, மெதுவாகச் சொன்னாள்: "மாமா இன்னும் பாடலையே அய்யா."

அய்யா அவளை அப்படியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

மாமா அன்றைக்கே பாம்பன் பாலம் தாண்டித் தூத்துக்குடிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே ஒரு விசைப்படகில் வேலை. கிறிஸ்மஸுக்குத்தான் திரும்புவார். ஆகவே எந்திரிக்கிற பாட்டு பாடப்படாமலே நின்றது. முதலில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அடுத்த வாரம் அய்யா கடலுக்குப் போனார். விடிந்து எல்லா வள்ளமும் வந்தது. அய்யா வள்ளம் வரவில்லை.

பாய்மரம் ஒடிந்து, துடுப்புப் போட்டே ஓரமாக ஒதுங்கி, மண்டபம் பக்கம் கரையேறி, மறுநாள் மதிய ரயிலில் கிழிந்த பாயைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அய்யா வந்து சேர்ந்தார். அவருக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு ராத்திரியில் கரையில் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதில் என்னென்னவோ விழுந்திருந்தது. "திரை மூடுன புள்ள வீட்டுல இருக்கு, வேற என்ன நடக்கும்" என்று ஒருத்தி சொன்னாளாம்.

அம்மா மறுநாளே முடிவு சொல்லிவிட்டாள். "இனி இவ மேடைப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. அடுத்த வருசம் எந்த வீட்டுப் பையனையும் பிடிச்சுக்கங்க."

ஊர்ப் பெரியவர்களும் அதுதான் சரி என்றார்கள். சின்னப் பிள்ளை பயந்திருக்கும், மறந்துபோகட்டும் என்று அவளிடம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டார்கள். இன்று நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. பயந்தவர்கள் எல்லாம் பெரியவர்கள். அவளிடம் ஒரு வார்த்தை, நீ பயந்தாயா என்று, ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா அழவும் இல்லை, அடம்பிடிக்கவும் இல்லை. அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு, பாடி எழுப்பாத பிள்ளை செத்த பிள்ளைதான் என்று கிடந்தாள்.

"ஏ புள்ள, குடத்தை எடுத்துக்கிட்டு ஊத்துக்குப் போ."

பதில் வராது. கோரைப்பாயில் மல்லாந்து படுத்து, கையைத் தொங்கவிட்டிருப்பாள்.

"ஏய்! உன்னத்தான்!"

"செத்த புள்ள எப்படிம்மா தண்ணி எடுக்கும்?"

அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். அக்கா கண்ணைத் திறக்காமலே, "செத்தவளை அடிச்சா பாவம்" என்பாள். சோறு வெந்தால் மட்டும் எழுந்து வருவாள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, "செத்த புள்ளைக்குச் சோறு எதுக்குடி?" என்று கேட்டாள். "கல்லறைத் திருநாளுக்கு நீங்களே படைப்பீங்கள்ல, அதை இப்பவே தாங்க" என்றாள் அக்கா. அய்யா சிரித்துப் புரையேறி எழுந்து வெளியே போனார். அம்மா சிரிக்கவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் சாமியார் பெயர் கூப்பிட்டபோது அக்கா வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைகள், "அவ செத்துட்டா சாமி" என்றார்கள். சாமியார் விவரம் கேட்டுவிட்டு, இதெல்லாம் மூடநம்பிக்கை, ஆண்டவர் அப்படியெல்லாம் ஒரு திரைக்காகக் கோபிக்க மாட்டார் என்று அழகாக விளக்கினார்.

அக்கா உடனே எழுந்து நின்றாள். "அப்ப அடுத்த வருசம் நான் மேடை ஏறலாமா சாமி?"

சாமியார் பெயர்ப் பட்டியலை மூடினார். "அது உங்கம்மாவைக் கேக்கணும்" என்றார்.

அக்கா மறுபடியும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரியப்பாவின் நிலைமைதான் மோசம். தினமும் நல்ல மீனாக ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போய்விடுவார். ஒருநாள் நான் அவரை வழிமறித்தேன். அவர் தன் வலது கையை என் முன்னால் விரித்துக் காட்டினார். கயிறு அறுத்துக் காய்த்துப்போன கை. "இதுதான்டா இறக்குச்சு. நான் இறக்கல" என்றார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

காற்று திரும்பி வாடை இறங்கியது. வள்ளங்களைத் தென்கரைக்கு மாற்றினார்கள். அக்கா அப்போதும் செத்துத்தான் கிடந்தாள். கிறிஸ்மஸ் நெருங்கியபோது, மாமா வரும் ரயிலுக்குப் பெரியப்பா முதல் ஆளாகப் போய் நின்றார். மாமா பெரிய மீசையோடு இறங்கினார். அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் பெரியப்பா அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"வாங்க மாப்பிள்ள, வந்து பாடுங்க."

"என்னத்தப் பாட?"

"எந்திரிக்கிற பாட்டு. புள்ள ஆடியிலருந்து செத்துக் கெடக்கு."

"மீசையோடயா? எடுத்தா படகுக்காரன் சிரிப்பான் மச்சான்."

"ராணிக்கு மீசை இருந்தா என்ன? புள்ள எந்திரிச்சாப் போதும்."

மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்குள், தென்கரையில் இழுத்துப் போட்டிருந்த பெரியப்பாவின் வள்ளம்தான் மேடையானது. அதன் மரத்திலேயே பாயை ஏற்றினார்கள். வீட்டு ஆட்கள் மட்டும் போதும் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஆனால் ஊரே வந்திருந்தது. கிறிஸ்மஸுக்கு மிளகாய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கருவாடு வாங்கிப்போகும் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க்காரரும், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கூட்டத்தில் நின்றார்.

அக்கா நசுங்கிய கிரீடத்தை வைத்துக்கொண்டு மாமாவின் மடியில் சாய்ந்தாள். மாமா சேலை கட்டவில்லை, தோளில் அம்மாவின் துண்டு ஒன்றைப் போட்டிருந்தார். பாடத் தொடங்கினார். 'கண்ணே எழுந்திரு' நன்றாகத்தான் வந்தது. 'கடல் பணிஞ்சாச்சு' என்று மேலே ஏற வேண்டிய இடத்தில் குரல் கிழிந்தது. படகு இன்ஜின் புகையில் ஒரு பருவம் முழுக்க நின்ற தொண்டை அது. மறுபடி எடுத்தார். மறுபடியும் கிழிந்தது. பெரியப்பா கயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். அம்மா தலையில் கை வைத்துவிட்டாள்.

அப்போது மடியில் செத்துக் கிடந்த பிள்ளை, கண்ணைத் திறக்காமல், கையைக்கூட அசைக்காமல், ராணியின் பாட்டைத் தானே எடுத்தது. மாமா விட்ட இடத்திலிருந்து பிடித்து மேலே கொண்டுபோனது. அந்தக் குரல் பாயைத் தாண்டி, கடலைத் தாண்டிப் போன மாதிரி எனக்கு இருந்தது. ராணி பாட்டை முடித்துவிட்டு, அதே மூச்சில் இளவரசனின் பதிலையும் பாடிக்கொண்டு எழுந்து நின்றாள். தன்னைத் தானே கூப்பிட்டு, தானே வந்து சேர்ந்தாள்.

பெரியப்பா ரொம்ப நேரம் பாயை இறக்கவில்லை. அய்யா போய் அவர் கையைத் தொட்ட பிறகுதான் இறக்கினார்.

அக்கா வள்ளத்திலிருந்து குதித்து நேராக அம்மாவிடம் வந்தாள். "இப்ப தண்ணி எடுக்கப் போகட்டாம்மா?"

ஆடியிலிருந்து சிரிக்காத அம்மா அப்போதுதான் சிரித்தாள். சிரிப்பும் அழுகையுமாக அவளைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள்.

மிளகாய்க்காரர் அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி கிட்டே வந்தார். "தாயி, எங்க ஊர்ல பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் போடுவோம். புள்ள வேசத்துக்கு வருசா வருசம் திண்டாடுறோம். இந்தக் குரல் வந்தா எங்க ஊருக்கு மழையே பெஞ்சுரும்."

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். "எம் புள்ளை உங்க ஊர்ல வந்து செத்துக் கெடக்கவா அண்ணே?"

"சாகச் சொல்லல தாயி. பாடத்தான் சொல்றேன்."

"பாடுறதுக்கு முந்தி சாகணும்ல? எல்லா ஊர் நாடகத்துலயும் புள்ள சாகத்தான செய்யுது?"

மிளகாய்க்காரர் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். அது உண்மைதான். அக்கா எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் மேடை ஏறுவதும் ஏறாததும் அந்த நிமிடத்தில்தான் இருந்தது என்று இன்று எனக்குத் தெரிகிறது.

பெரியப்பா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்தார். "கூட நான் போறேன். கயிறு என் கையில இருக்கும்."

"உங்க கையில இருந்ததாலதான அத்தான் இத்தனையும்…" அம்மா முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

"அதனாலதாம்மா போறேங்கிறேன். தெரியாம விட்ட கை இது. இனி விடாது." சுருட்டிய கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அதோட அங்கன கச்சானும் கெடையாது" என்றார்.

அம்மா அந்த நசுங்கிய கிரீடத்தை எடுத்துக் கையால் நிமிர்த்தினாள். பிறகு அக்காவிடம், "முழுப் பாட்டும் பாடிட்டுத்தான் வரணும்" என்றாள். அவ்வளவுதான்.

பிள்ளைகளே, நீங்கள் சுவரொட்டியில் பார்க்கிற உங்கள் அத்தைப்பாட்டி நாடகத்துக்குப் போன கதை இதுதான். முதலில் முதுகுளத்தூர்ப் பக்கம், பிறகு கடலாடிப் பக்கம், அப்புறம் திருவாடானை வரைக்கும். கோயில் பொங்கல், கொடை விழா என்று எங்கே கூப்பிட்டாலும் ஒரு பையில் மாற்றுத்துணியும் கருவாடும் எடுத்துக்கொண்டு அக்காவும் பெரியப்பாவும் ரயிலேறுவார்கள். அங்கே திரை என்பது சீமைச் சாயம் பூசிய படுதா. இழுப்பதற்கு ஆள் இருப்பான். ஆனாலும் இளவரசன் சாகப்போகும் நேரத்துக்குப் பெரியப்பா போய்க் கயிற்றை வாங்கித் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வார்.

"பெரியவரே, படுதா எங்கயும் ஓடிப் போகாது, விடுங்க" என்று நாடகக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

"அது போகாதுய்யா. என் கைதான் போயிரும்" என்பார்.

'ரெண்டு வருசத்துல தொண்டை மாறிரும், தானா நின்னுரும்' என்று அய்யா நினைத்தார். தொண்டை மாறியது, நாடகம் நிற்கவில்லை. இளவரசன் வேடம் சின்னதாகிப் போனதும் இளவரசியானாள். பிறகு ராணியானாள். 'கூத்தாடிக்கு யாரு மாப்பிள்ளையா வருவா' என்று அம்மா கவலைப்பட்டாள். மிருதங்கம் வாசித்தவரே வந்து கேட்டார். அம்மாவின் கணக்கு அதிலும் தப்பியது.

அந்தப் பக்கத்து நாடகத்தில் ஒத்திகை என்பதே இல்லை. ராஜா ஒரு ஊர், ராணி ஒரு ஊர், பெட்டிக்காரர் ஒரு ஊர். மேடையில்தான் முகமே பார்ப்பார்கள். எதிரே நிற்பவர் என்ன கேட்பார் என்று தெரியாது. பதில் உடனே வர வேண்டும், அதுவும் பாட்டின் சுருதி விலகாமல். ஒருமுறை கோமாளி வேடக்காரர், கூட்டத்தைச் சிரிக்கவைக்க மூக்கைப் பொத்திக்கொண்டு, "மகாராணி, நீங்க வந்ததும் அரண்மனையில அயிலை மீன் வாசம் அடிக்குதே!" என்றாராம். அக்கா சற்றும் அசையாமல், "ஆமா, பசிச்சவன் மூக்குக்குத்தான் அது மொதல்ல தெரியும். அடே, இவனுக்கு யாராவது சோறு போடுங்கப்பா" என்றாளாம். அந்த ஊரில் இன்றும் அவளை 'சோறு போட்ட ராணி' என்றுதான் சொல்கிறார்கள்.

பெரியப்பா கண் மங்கும்வரை கூடப் போனார். கடைசியில் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். நம் ஊர்த் திரைக்கயிறும் அப்படித்தான் என் கைக்கு வந்தது. பட்டைச் சாயப் பாய் எப்போதோ இற்றுப்போய்விட்டது. இப்போது தொங்குவது ராமநாதபுரத்திலிருந்து வாடகைக்கு வரும் மெரூன் வெல்வெட். ஆனாலும் நமக்கு அது பாய்தான்.

இந்த வருடம் இளைஞர்கள் போய்க் கேட்டு, அக்கா முதல்முறையாக நம் ஊர் மேடையில் ராணியாக நின்றாள். நம் ராணி நாடகத்தில் ஒரு பெண் ராணியாக நின்றதும் இதுதான் முதல் தடவை. இளவரசனாக உங்களில் ஒருத்தி. யாரென்று சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது யார் தலையைக் குனிகிறாள் என்று பாருங்கள்.

முந்தின நாள் அக்கா வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வருடமாக யாரும் கேட்காததை நான் கேட்டேன். "அன்னைக்குப் பாய்க்கு அடியில பயமா இருந்துச்சாக்கா? ஏன் எந்திரிச்சு வரல?"

"காத்து சத்தம், எல்லாரும் ஓடுற சத்தம், எல்லாம் கேட்டுச்சுடா" என்றாள். "எந்திரிச்சிருந்தா நான் வந்திருப்பேன். இளவரசன் அங்கனயே கெடந்திருப்பான். அவனை விட்டுட்டு எப்படி வர்றது?"

மறுநாள் மதியம் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இளவரசன் பால் குடித்தான், ராணி மடியில் சாய்ந்தான். அக்கா பாட வாயெடுக்கும்போது, அன்று போலவே மேற்கேயிருந்து காற்று வந்தது. வெல்வெட் ஊதியது. "பாயை இறக்குலே!" என்று என் வயதுக்காரர்கள் கத்தினார்கள். என் கை கயிற்றை விடப் பார்த்தது. அதுவும் கடலுக்குப் போன கைதானே. நான் கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். காற்று என்னைக் கம்பத்தோடு சேர்த்து இழுத்தது. அக்கா திரும்பி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு பாடினாள்.

பாட்டு முடிந்தது. இளவரசன் எழவில்லை.

அக்கா மறுபடி பாடினாள். எழவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அக்கா குனிந்து பிள்ளையின் மூச்சைப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு. பிள்ளை தூங்கிவிட்டது. காலையிலிருந்து வேடத்தோடு வெயிலில் ஆடியது, மடி சுகமாக இருந்திருக்கிறது.

எதிரே நிற்பவர் என்ன செய்வார் என்று தெரியாத மேடைகளில் வளர்ந்தவள் அவள். பெட்டிக்காரருக்குத் தலையசைத்தாள். எந்தப் பாட்டிலும் இல்லாத அடிகளை, நம் கரை மீன்களின் பேரில் தொடங்கி, அதே மெட்டில் எடுத்தாள்:

*சூடை வந்தாச்சு, சீலா வந்தாச்சு,*
*சோறு வெந்தாச்சு, குழம்பும் கொதிச்சாச்சு,*
*பள்ளிக்கூட மணியும் அடிச்சாச்சு,*
*பாவி மகனே, எந்திரிக்க மாட்டியா?*

கூட்டம் சிரித்தது. இளவரசன் அசையவில்லை. காற்று மறுபடி இழுத்தது. நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அக்கா இன்னும் குனிந்து, குரலைத் தேனாக்கி, அடுத்த அடியைப் பாடினாள்:

*ஐஸு வண்டி வந்து அத்தனையும் வித்தாச்சு…*

இளவரசன் படக்கென்று எழுந்து உட்கார்ந்தான். "எனக்கு?" என்றான், மைக்கிலேயே.

ஊர் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. அக்கா சிரித்துக்கொண்டே அவன் கன்னத்தைத் தொட்டு, "பாட்டைப் பாடுடா மொதல்ல" என்றாள். கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு பிள்ளை பாடியது. 'வந்தேனம்மா, வழி தெரிஞ்சு வந்தேனம்மா' என்று கடைசி அடிவரைக்கும், ஒரு எழுத்தும் விடாமல் பாடியது.

அதன் பிறகுதான் நான் பாயை இறக்கினேன்.